உடலுக்குள் பொருத்தும் கலப்புப் பாலிமர்களைச் சோதிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாலிமர்களைக் கலந்து எலும்புத் திருகு, தகடு, மூட்டுக் கிண்ணம், குழாய் போன்ற உள்வைப்புகளைச் செய்ய முனையும் ஆய்வு மாணவர்களும் சிறு நிறுவனத்தாரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பேச்சு பொதுவாகவே போய்விடாமல் இருக்க, பெரும்பாலான இடங்களில் ஒரே கலவை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டிருக்கிறது: விறைப்பான பாலிலாக்டிக் அமிலமும் (இனி பிஎல்ஏ) நெகிழ்வான பாலிகாப்ரோலாக்டோனும் (இனி பிசிஎல்) சேர்ந்த, உடலில் மெல்லக் கரைந்துபோகும் கலவை. கரையாத கலவைகளுக்கு மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் பாலிஎத்திலீன் எடுத்துக்காட்டாகும்.

கலப்புப் பாலிமரும் கோபாலிமரும் ஒன்றா?

இல்லை. கோபாலிமரில் இரு வகை மோனோமர்கள் (சங்கிலியின் அலகாகும் சிறு மூலக்கூறுகள்) ஒரே சங்கிலியில் வேதிப்பிணைப்பால் கோக்கப்பட்டிருக்கும். 1970-களில் விற்பனைக்கு வந்த விக்ரில் தையல் நூல், கிளைக்கோலைடும் லாக்டைடும் 90-க்கு 10 என்ற விகிதத்தில் கோக்கப்பட்ட கோபாலிமர். கலப்புப் பாலிமரில் சங்கிலிகள் தனித்தனியாகவே இருக்கின்றன. உருக்கியோ கரைப்பானில் கரைத்தோ அவற்றை ஒன்றுசேர்த்திருக்கிறோம், அவ்வளவுதான். கோபாலிமர் பிரிய வேண்டுமானால் பிணைப்பு அறுபட வேண்டும். கலவையோ எந்தப் பிணைப்பும் அறாமலே பிரிந்துபோகலாம். சோதனைத் திட்டத்தில் வரும் பெரும்பாலான வேறுபாடுகளுக்கு இதுவே காரணம். பாலிஎத்திலீன் தூளில் வைட்டமின் ஈ சேர்ப்பது போலப் பாலிமருடன் ஒரு சேர்மானத்தைக் கலப்பதும், நாரிழை கலப்பதும் வேதியியலில் வேறு வகையைச் சேர்ந்தவை என்றாலும், சோதனை செய்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் அங்கும் இவையே.

இரண்டு பாலிமர்களும் ஏற்கெனவே உடலுக்குள் பயன்படுபவைதானே? கலவையை ஏன் மறுபடியும் முழுதாகச் சோதிக்க வேண்டும்?

இதுதான் எல்லாக் கேள்விகளிலும் அடிக்கடி வருவது, பெரும்பாலும் சற்று எரிச்சலோடு வருவது. விடை பல அடுக்குகளைக் கொண்டது.

முதலாவதாக, ஒப்புதல் என்பது பாலிமருக்குக் கிடைப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட சாதனத்துக்கு, உடலின் ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்தவே கிடைக்கிறது. தோலுக்கடியில் தைக்கும் நூலாக வந்த பொருள், தாடை எலும்பைத் தாங்கும் தகடாகவும் தேறிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டாவதாக, கலக்கும் வேலையே புதிய வேதிப்பொருள்களைக் கொண்டுவருகிறது. பிசிஎல் ஏறத்தாழ 60 °செ-இல் உருகிவிடும். பிஎல்ஏ உருகுவதற்கு 170 முதல் 180 °செ வரை தேவைப்படுகிறது. உருக்கிக் கலக்கும் இயந்திரமான இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் இரண்டையும் சேர்த்து உருக்கும்போது, தனியாக வார்க்கப்பட்டால் பிசிஎல் ஒருபோதும் சந்தித்திராத வெப்பத்தில் சில நிமிடங்கள் இருக்க நேர்கிறது. குருணையில் ஈரம் தங்கியிருந்தால் எஸ்டர் பிணைப்புகள் அங்கேயே அறுபட்டு, பிஎல்ஏயின் மூலக்கூறு எடை சாதனம் உருவாகும் முன்பே இறங்கிவிடும். இரண்டும் ஒட்டாத காரணத்தால் பெராக்சைடு, ஐசோசயனேட் போன்ற இணக்கமூட்டிகளைச் சேர்ப்பவர்கள் உண்டு. அவற்றின் மிச்சங்கள் பிஎல்ஏயின் கோப்பிலும் இல்லை, பிசிஎல்லின் கோப்பிலும் இல்லை.

மூன்றாவதாக, கலவைக்குள் ஓர் எல்லைப் பரப்பு உண்டாகிறது. ஒரு பாலிமர் முடிந்து மற்றொன்று தொடங்கும் அந்த மெல்லிய இடத்தில்தான் விரிசல் பிறக்கிறது, நீர் நுழைகிறது, கரையக்கூடிய சிறு மூலக்கூறுகள் ஒதுங்குகின்றன. கூறுகளைத் தனித்தனியே எத்தனை முறை சோதித்தாலும் இந்தப் பரப்பைப் பற்றி ஒரு செய்தியும் கிடைக்காது.

மருத்துவச் சாதனங்களின் உயிரியல் மதிப்பீட்டுக்கான ஐஎஸ்ஓ 10993 தொடரின் முதல் பகுதியும், உருவாக்கி முடித்து, கிருமிநீக்கம் செய்து, நோயாளியிடம் போகும் நிலையில் உள்ள சாதனத்தையே மதிப்பிடச் சொல்கிறது. கூறுகளைப் பற்றிய பழைய தரவுகள் வீணல்ல. எந்தச் சோதனையைத் தவிர்க்கலாம் என்று வாதிட அவை உதவும். ஆனால் வாதிட வேண்டும், தானாகவே கிடைத்துவிடாது.

இரண்டும் உண்மையிலேயே கலந்தனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே நிலையாகக் கலந்த கலவைக்கு ஒரே கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை (கண்ணாடிபோல் விறைத்த பொருள் இளகத் தொடங்கும் வெப்பநிலை) இருக்கும்; அது இரு கூறுகளின் மதிப்புகளுக்கும் நடுவில், விகிதத்தைப் பொறுத்து அமையும். பிரிந்து நிற்கும் கலவையில் இரண்டு மதிப்புகளும் ஏறக்குறைய பழைய இடங்களிலேயே தெரியும். இதை அளக்கும் வழக்கமான கருவி, சூடேற்றும்போது பொருள் வாங்கும் வெப்பத்தைப் பதியும் டிஎஸ்சி.

பிஎல்ஏ-பிசிஎல் கலவையில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிஎல்ஏயின் கண்ணாடிநிலை மாற்றம் ஏறத்தாழ 60 °செ-இல் வருகிறது. பிசிஎல் படிகங்கள் உருகுவதும் அதே இடத்தில்தான். அறை வெப்பநிலையிலிருந்து 200 °செ வரை ஓட்டப்பட்ட வரைபடத்தில் 60 °செ-க்கு அருகே ஒரு மேடு மட்டும் தெரியும். பிசிஎல் உருகும் அந்த மேட்டின் அடியில் பிஎல்ஏயின் சிறு படி மறைந்துகிடக்கிறது. ஒரே மாற்றம்தான் தெரிகிறது, ஆகவே முழுதாகக் கலந்துவிட்டது என்று எழுதப்பட்ட ஆய்வேடுகள் குறைவல்ல. பிசிஎல்லின் கண்ணாடிநிலை மாற்றம் சுழியத்துக்குக் கீழே 60 °செ அளவில் இருப்பதால், ஓட்டத்தைச் சுழியத்துக்குக் கீழே 80 அல்லது 90 °செ-இலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் படி டிஎஸ்சியில் மங்கலாகத் தெரிந்தால், அதிர்வு கொடுத்து விறைப்பை அளக்கும் டிஎம்ஏ கருவியில் தெளிவாகவே தெரியும். அப்படி அளந்தால் இந்த இரண்டும் பெரிதாகக் கலப்பதில்லை என்பது வெளிச்சமாகிவிடும்.

அடுத்து நுண்ணோக்கி. திரவ நைட்ரஜனில் உறையவைத்து உடைத்த துண்டின் முறிவுப் பரப்பைத் தங்கப் பூச்சிட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், 20 விழுக்காடு பிசிஎல் உள்ள கலவையில் பிசிஎல், பிஎல்ஏ பரப்பில் சிதறிய சிறு உருண்டைகளாகத் தெரியும். பார்க்க வேண்டியது உருண்டைகளைவிட, அவை கழன்றுவிட்ட பள்ளங்களைத்தான். பள்ளத்தின் சுவர் வழவழப்பாக இருந்தால் இரண்டும் ஒட்டவே இல்லை. பள்ளத்தின் விளிம்பிலிருந்து உருண்டைக்கு மெல்லிய இழைகள் நீண்டு கிழிந்திருந்தால் ஒட்டுதல் ஓரளவு இருக்கிறது. இன்ஜெக்ஷன் மோல்டிங்கில் செய்த பாகத்தில் மேல்தோலுக்கு அருகே உருண்டைகள் ஓட்டத்தின் திசையில் நீண்டும், நடுவில் உருண்டையாகவும் கிடக்கும். ஆகவே, தனியாக வார்த்த பட்டையைப் பார்த்துவிட்டுத் திருகைப் பற்றி முடிவுக்கு வரக் கூடாது. திருகையே அறுத்துப் பார்க்க வேண்டும்.

முழுதாகக் கலக்காவிட்டால் அந்தக் கலவை பயனற்றதா?

இல்லை. முறியும் தன்மையுள்ள பிஎல்ஏயில் சிதறிய மென்மையான உருண்டைகள் விரிசலின் ஆற்றலை வாங்கிக்கொள்வதே இந்தக் கலவையின் நோக்கம். அளவும் ஒட்டுதலும் ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரே மாதிரி வருகின்றனவா என்பதுதான் கேள்வி.

மூலப்பொருளின் தரம் எவ்வளவு முக்கியம்?

பொட்டலம் கட்டப் பயன்படும் பிஎல்ஏயும் மருத்துவத் தர பிஎல்ஏயும் பெயரளவில் ஒன்றே. எஞ்சிய லாக்டைடு, வினையூக்கியாகப் போட்ட தகரச் சேர்மம், சொல்லாமல் சேர்க்கப்பட்ட நிலைப்படுத்திகள் ஆகியவற்றில்தான் அவை வேறுபடுகின்றன. பிரான்ஸின் பிஐபி நிறுவனம் மார்பக உள்வைப்புகளில் மருத்துவத் தர சிலிக்கோனுக்குப் பதிலாகத் தொழிற்சாலைத் தர சிலிக்கோனை நிரப்பியது 2010-இல் வெளிப்பட்டு, உலகெங்கும் பெருந்தொகையான பெண்கள் பாதிக்கப்பட்டார்கள். கலவையில் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. இரண்டு வழங்குநர்கள், இரண்டு பகுப்பாய்வுச் சான்றிதழ்கள், இரண்டு வகை அசுத்தங்கள். மாணவர்களின் முதல் கட்ட ஆய்வுக்கு மலிவான தரத்தை வாங்குவதில் தவறில்லை; அந்தத் தரவை மட்டும் பின்னர் ஒப்புதல் கோப்பில் சேர்க்க முயலக் கூடாது.

வலிமைச் சோதனையை எப்படிச் செய்ய வேண்டும்?

முனைகள் அகன்று நடு குறுகிய டாக்போன் வடிவச் சாம்பிள்களை, ஏஎஸ்டிஎம் என்ற தர நெறி அமைப்பின் டி 638 முறைப்படி, ஒவ்வொரு கலவைக்கும் குறைந்தது 5 என்ற கணக்கில் யூடிஎம் என்ற வலிமைச் சோதனை இயந்திரத்தில் இழுப்பது தொடக்கம்தான். பிஎல்ஏயின் மீள்மைக் குணகம் (விறைப்பின் அளவு) 3 ஜிகாபாஸ்கல் அளவில் இருக்கும். சில விழுக்காடு நீண்டதும் முறிந்துவிடும். பிசிஎல்லின் குணகம் அதில் பத்தில் ஒரு பங்கு அளவே, ஆனால் பல நூறு விழுக்காடு நீளும். கலவை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதை இந்தச் சோதனை சொல்லும்.

குளிரூட்டிய அறையில் உலர்ந்த சாம்பிளை இழுத்துக் கிடைத்த எண் உடலுக்குள் செல்லாது. 37 °செ-இல், நீரில் ஊறிய நிலையில் இழுக்க வேண்டும், ஏனெனில் உள்ளே போன நீர் பிஎல்ஏயின் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலையைக் கீழே இறக்கிவிடுகிறது. இன்னொன்று, பலரும் குறித்துவைக்க மறப்பது: சாம்பிளின் வயது. வார்த்த அன்றே இழுத்த பிஎல்ஏயும், அறையில் சில நாள் கிடந்த பிஎல்ஏயும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. சங்கிலிகள் மெல்ல நெருங்கி அமர்ந்து, பொருள் மேலும் முறியும் தன்மை பெறுகிறது. வார்த்த தேதியையும் இழுத்த தேதியையும் பதியாத அறிக்கையில் உள்ள நீட்சி விழுக்காட்டை நம்புவது கடினம்.

பொருளுக்குப் பிறகு பாகம். கரையும் தகடுகளுக்கும் திருகுகளுக்கும் ஏஎஸ்டிஎம் எஃப் 2502 என்ற தனி நெறி உண்டு. முறுக்கு விசை, பிடுங்கு விசை, தகட்டின் வளைவு ஆகியவற்றை அது கேட்கிறது. அறுவை மருத்துவர் திருகை முடுக்கும்போது தலை முறியுமா என்பதற்கு டாக்போன் விடை சொல்லாது.

கிருமிநீக்கத்துக்கு முன் சோதிப்பதா, பின் சோதிப்பதா?

பின்புதான். முன்பும் சோதித்தால் எவ்வளவு மாறியது என்பது தெரியும். 121 °செ ஆட்டோகிளேவ் இந்தக் கலவைக்கு ஆகாது. பிசிஎல் உருகிவிடும், பிஎல்ஏ நீராவியில் சிதையும். வழக்கமான 25 கிலோகிரே காமா கதிர்வீச்சு பிஎல்ஏயின் சங்கிலிகளை அறுக்கிறது, ஆகவே கரையும் காலமே சுருங்கிவிடும். எத்திலீன் ஆக்சைடு வாயு பொதுவாகப் பொருந்தும், ஆனால் அந்த வாயுவே நச்சு. ஐஎஸ்ஓ 10993-7 நெறியின்படி நிரந்தரமாக உள்ளே இருக்கும் சாதனத்திலிருந்து முதல் 24 மணி நேரத்தில் 4 மி.கி., முதல் 30 நாளில் 60 மி.கி. என்ற அளவுக்கு மேல் அது வெளிவரக் கூடாது. மென்மையான பிசிஎல் உருண்டைகள் வாயுவைப் பிடித்துவைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், காற்றோட்டத்தில் வைக்கும் காலத்தைத் தூய பிஎல்ஏவுக்கு வகுத்த அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளாமல் கலவைக்கென்றே அளந்து முடிவுசெய்வது நல்லது.

உடலில் கரையும் வேகத்தை எப்படி அளப்பது?

இதற்கு ஐஎஸ்ஓ 13781 இருக்கிறது. பாலிலாக்டைடின் கோபாலிமர்களோடு கலவைகளையும் அது பெயர் சொல்லியே உள்ளடக்குகிறது. சாம்பிள்களைப் பிஎச் 7.4 கொண்ட பாஸ்பேட் கரைசலில், 37 °செ-இல், ஒரு கிராம் பொருளுக்கு 30 மில்லிக்குக் குறையாத கரைசலில் ஊறவைத்து, குறித்த காலங்களில் எடுத்துப் பார்க்க வேண்டும். பிஎச் விலகினால் கரைசலை மாற்ற வேண்டும். கரைசல் அமிலமாகிப்போனதைக் கவனிக்காமல் விட்டால், உங்கள் சாம்பிள் உடலில் சிதைவதைவிட வேகமாகக் குடுவையில் சிதையும்.

சிதைவு ஒரு வரிசையில் நடக்கிறது. முதலில் மூலக்கூறு எடை இறங்குகிறது, பிறகு வலிமை, கடைசியாகத்தான் எடை. எடையை மட்டும் அளந்துகொண்டிருப்பவர், ஒரு விழுக்காடுகூடக் குறையவில்லை என்று மகிழ்ந்திருக்கும்போது திருகு கையில் எடுத்ததும் பொடியாகும். பிஎல்ஏ போன்றவை மேற்பரப்பிலிருந்து உள்ளே தேய்வதும் இல்லை. அறுபட்ட சங்கிலிகளின் அமில முனைகள் தடித்த பாகத்தின் நடுவில் வெளியேற வழியின்றித் தங்கி, மேலும் சங்கிலிகளை அறுக்கின்றன. படிகமாகாத வகைப் பிஎல்ஏயில் 2 மி.மீ. தடிமனுள்ள தகட்டைச் சில மாதங்களுக்குப் பின் குறுக்கே வெட்டினால், வெளித்தோல் உறுதியாகவும் உட்பகுதி வெண்மையாகி நொறுங்கியும், சில சமயம் வெறும் கூடாகவும் இருக்கும். ஆகவே மெல்லிய படலத்தில் கிடைத்த கரையும் காலத்தைத் தடித்த திருகுக்குப் பொருத்த முடியாது, இத்தனைக்கும் வேதிப்பொருள் ஒன்றே.

கலவைக்கே உரிய சிக்கல் வேறு. மூலக்கூறு எடையை அளக்கும் ஜிபிசி கருவி இரண்டு பாலிமர்களையும் சேர்த்து ஒரே சராசரியாகக் காட்டிவிடும். பிஎல்ஏ பாதி சிதைந்திருக்க, பிசிஎல் அப்படியே இருக்க, சராசரி மட்டும் மெல்ல இறங்குவதுபோல் தோன்றும். ஹைட்ரஜன் அணுக்களை அவற்றின் சூழலுக்கேற்பத் தனித்தனிக் குறிகளாகக் காட்டும் புரோட்டான் என்எம்ஆர் இங்கே கைகொடுக்கிறது. வரைபட அளவுகோலில் பிஎல்ஏயின் குறி 5.2-க்கு அருகிலும் பிசிஎல்லின் குறி 4.1-க்கு அருகிலும் தனித்தனியே விழுவதால், ஒவ்வொரு முறையும் எடுத்த சாம்பிளில் எது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று விகிதமாகவே சொல்லிவிடலாம். எந்தக் கூறு முதலில் போகிறது, மிஞ்சுவது எந்த வடிவத்தில் மிஞ்சுகிறது என்பதே கலவையின் சிதைவுச் சோதனையில் கேட்க வேண்டிய முதன்மைக் கேள்வி என்பது இந்தப் பக்கத்தின் நிலைப்பாடு.

வெப்பத்தை ஏற்றிச் சோதனையைச் சீக்கிரம் முடிக்க முடியாதா?

பொதி இடப்பட்ட பொருளின் சேமிப்புக் காலத்துக்கு ஏஎஸ்டிஎம் எஃப் 1980 அப்படி ஒரு வழியைத் தருகிறது. வெப்பநிலை 10 °செ ஏறினால் வேகம் இரட்டிப்பாகும் என்று கொண்டால், 25-க்குப் பதில் 55 °செ-இல் வைத்த பொருளுக்கு ஓராண்டு 46 நாளில் கழிந்துவிடும். ஆனால் 55 °செ என்பது இந்தக் கலவையின் இரண்டு மாற்றங்களுக்கும் மிக அருகில் உள்ளது. ஒரு மாற்றத்தைத் தாண்டிய பொருள் விரைவாக மூப்படைவதில்லை, வேறு பொருளாகிவிடுகிறது. 40 °செ-இல் வைத்தால் ஓராண்டுக்கு ஏறத்தாழ 129 நாள் ஆகும், அதுதான் விலை. கூடவே அறை வெப்பநிலையில் உண்மையான காலச் சோதனையையும் அன்றே தொடங்கிவிட வேண்டும்.

கரைசலில் கரையும் சோதனையை 70 °செ-இல் நடத்துவது இன்னும் மோசம். பிஎல்ஏ இளகி, பிசிஎல் முற்றிலும் உருகி, உருண்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். கலவைகளை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தக்கூட அந்த எண்கள் உதவுமா என்பது ஐயமே.

செல் நச்சுச் சோதனையில் தேறினால் உயிரிணக்கம் உறுதியாகிவிடுமா?

உறுதியாகாது. ஐஎஸ்ஓ 10993-5 சொல்வது இது: சாம்பிளை வளர்ப்பூடகத்தில் வழக்கமாக 37 °செ-இல் 24 மணி நேரம் ஊறவைத்து, அந்தச் சாற்றில் எல்929 போன்ற எலி இணைப்புத்திசுச் செல்களை வளர்த்து, எம்டிடி சாயத்தால் உயிரோடுள்ள செல்களை அளக்க வேண்டும். உயிர்ப்பு 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் நச்சு என்று கொள்ளப்படும். தேறியதற்குப் பொருள், முதல் நாளில் வெளியேறிய எதுவும் செல்களை உடனே கொல்லவில்லை என்பது மட்டுமே. பச்சை நிறத்தில் ஒளிரும் செல்களின் படத்தோடு முடித்து, உயிரிணக்கமுள்ள பொருள் என்று தலைப்பிடும் கட்டுரைகள் தங்கள் தரவு தாங்காததைச் சொல்கின்றன.

தேறாவிட்டால் பாலிமரைக் குறை சொல்லும் முன் இரண்டைப் பார்க்க வேண்டும். சாற்றை ஊற்றும்போதே இளஞ்சிவப்பு ஊடகம் மஞ்சளாகியிருந்தால், அமிலம் சேர்ந்துவிட்டது என்று அதிலுள்ள ஃபீனால் ரெட் நிறங்காட்டி சொல்கிறது. பாதி சிதைந்த சாம்பிளிலோ விரைவில் கரையும் கூறு உள்ள கலவையிலோ இது நடக்கும். மற்றொன்று, கரைப்பான் மிச்சம். கரைத்து வார்த்த கலவையில் குளோரோஃபார்மும் டைகுளோரோமீத்தேனும் எளிதில் வெளியேறுவதில்லை. மருந்துகளுக்கான ஐசிஎச் என்ற பன்னாட்டு அமைப்பின் நெறி முன்னதற்கு 60 பிபிஎம் (பத்து லட்சத்தில் 60 பங்கு), பின்னதற்கு 600 பிபிஎம் என்று எல்லை வகுத்திருக்கிறது. பல கலவைகள் செல் சோதனையில் தோற்பது கலவையால் அல்ல, உலர்த்திய விதத்தால்.

சாறு எடுக்க எண்ணெய் ஏன் கேட்கிறார்கள்?

நீரில் கரையாதவை கொழுப்பில் கரையலாம் என்பதால், உப்புநீரோடு ஒரு தாவர எண்ணெயிலும் சாறு எடுக்கச் சொல்கிறது ஐஎஸ்ஓ 10993-12. சுத்திகரித்த பருத்திவிதை எண்ணெயோ எள்ளெண்ணெயோ அதற்குப் போதும். நம் சமையலறைப் புட்டியிலுள்ள நல்லெண்ணெய் ஆகாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். தரச் சான்று வேண்டும்.

விலங்குச் சோதனையைத் தவிர்க்க முடியுமா?

சிலவற்றைத் தவிர்க்கலாம். சாற்றில் உள்ள வேதிப்பொருள்களை ஐஎஸ்ஓ 10993-18 வழியில் இனங்கண்டு, 10993-17 வழியில் நச்சியல் மதிப்பீடு செய்து, பல விலங்குச் சோதனைகள் தேவையில்லை என்று வாதிட முடியும்; செய்யவும் வேண்டும். திசுவுக்குள் பொருத்திப் பார்க்கும் 10993-6 சோதனையைக் கரையும் கலவைக்குத் தவிர்ப்பது அரிது. எலியின் தோலுக்கடியிலோ முயலின் முதுகுத் தசையிலோ வைத்து, சிதைவின் தொடக்கம், நடு, முடிவு என்ற கட்டங்களில் திசுவை வெட்டிப் பார்க்க வேண்டும். இந்தியாவில் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு முன்கூட்டியே ஒப்ப வேண்டும்.

கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்து அனுபவம் இருக்கிறது. கன்ன எலும்பு முறிவுக்குப் பிஎல்ஏ தகடும் திருகும் பொருத்தப்பட்ட நோயாளிகளுக்கு எலும்பு நன்றாகக் கூடியது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு சிலர் அந்த இடத்தில் வீக்கத்தோடு திரும்பினார்கள். திறந்து பார்த்தபோது, முழுதாகக் கரையாத, படிகத்தன்மை மிகுந்த பிஎல்ஏ துணுக்குகளைச் சுற்றித் திசு வினை புரிந்திருந்தது. 1990-களின் முற்பகுதியில் வெளிவந்த இந்த அறிக்கைகளுக்குப் பிறகு, 12 வாரத்தில் திசு அமைதியாக இருக்கிறது என்ற முடிவுக்குப் பழைய மதிப்பு இல்லை. கரையும் கலவையில் மெதுவாகப் போகும் கூறு எப்படிப்பட்ட துணுக்குகளாக மிஞ்சும் என்று பார்க்க, குடுவையில் முன்கூட்டியே சிதைத்த சாம்பிளையும் விலங்கில் பொருத்திப் பார்ப்பது ஏற்கப்பட்ட வழி.

கரையாத கலவைகளில், குறிப்பாக மூட்டுகளில், எதைச் சோதிக்க வேண்டும்?

தேய்மானம், விரிசல், ஆக்சிஜனேற்றம் ஆகிய மூன்றையும். இதை இரண்டு கலவைகளின் கதையாகச் சொல்லலாம்.

ஜான் சார்ன்லி 1960-களின் தொடக்கத்தில் இடுப்பு மூட்டுக் கிண்ணத்துக்கு மூலக்கூறு எடை மிகுந்த பாலிஎத்திலீனைக் கொண்டுவந்தார். அதை மேலும் உறுதியாக்க, 1970-களில் அதில் கார்பன் நாரிழை கலந்து பாலி-டூ என்ற பெயரில் விற்றார்கள். விறைப்பு கூடியது; ஆய்வகத்தின் எளிய தேய்மானச் சோதனைகளும் நம்பிக்கை தந்தன. ஆனால் நாரிழை பாலிஎத்திலீனோடு சரியாக ஒட்டவில்லை. திரும்பத் திரும்ப விசை கொடுத்தபோது விரிசல், கலக்காத பாலிஎத்திலீனில் ஓடுவதைவிட வேகமாக ஓடியது. நோயாளிகளிடம் தேய்மானமும் முறிவும் காணப்பட்டு, அந்தப் பொருள் கைவிடப்பட்டது. கேட்கப்பட்ட எளிய சோதனைகளில் அது தேறியது. எல்லைப் பரப்பில் விரிசலின் வேகத்தை அளக்கும்படி யாரும் உரிய நேரத்தில் கேட்கவில்லை.

வைட்டமின் ஈ கலந்த பாலிஎத்திலீன் மறுபக்கம். தேய்மானத்தைக் குறைக்கக் கதிர்வீச்சால் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்தால், எஞ்சும் தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல் எனப்படும், எளிதில் வினைபுரியும் துண்டுகள்) பல ஆண்டுகள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து பொருளைக் கெடுக்கும். சிறிதளவு வைட்டமின் ஈ அவற்றை அடக்குகிறது. அதிகமாகச் சேர்த்தால் குறுக்குப் பிணைப்பையே தடுத்துவிடும் என்பதால் அளவு மிக முக்கியம். இதற்கெனத் தூளுக்கான ஏஎஸ்டிஎம் எஃப் 2695 நெறியும், 70 °செ-இல் 5 வளிமண்டல ஆக்சிஜன் அழுத்தத்தில் 14 நாள் வைக்கும் எஃப் 2003 மூப்புச் சோதனையும் உள்ளன. பிறகு ஐஎஸ்ஓ 14242 வழியில் இடுப்பு மூட்டுச் சிமுலேட்டரில் 50 லட்சம் சுழற்சிகள். நொடிக்கு ஒன்று என்ற வேகத்தில் இயந்திரம் நிற்காமல் ஓடினாலே 58 நாள். எடை இழப்பை அளக்கும்போது பாலிமர் உறிஞ்சிய திரவத்தைக் கழிக்க, ஓட்டாமல் அதே திரவத்தில் ஊறவைத்த ஒப்பீட்டுச் சாம்பிள் கட்டாயம். அது இல்லாமல், தேய்ந்த கிண்ணம் எடை கூடியதாகக் கணக்கு வருவதும் உண்டு.

இதயத்தில் பொருத்துவதற்குக் கணக்கே வேறு. இதயம் ஆண்டுக்குச் சுமார் 4 கோடி முறை துடிக்கிறது. 10 ஆண்டுக்கு 40 கோடிச் சுழற்சிகள். நொடிக்கு 15 முறை ஓட்டினாலும் 300 நாளுக்கு மேல் ஆகும். அதைவிட வேகமாக ஓட்டினால், மென்மையான கூறுள்ள கலவை உள்ளேயே சூடேறி, சோதனை வேறெதையோ சோதிக்கத் தொடங்கும்.

இந்தியாவில் இது எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது?

2017-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகள் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை வகுப்புகள். உடலில் கரையும் உள்வைப்பு பொதுவாக டி வகுப்பில் விழும். உரிமம் வழங்குவது மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பூஜப்புரை வளாகம் இத்துறையில் நீண்ட பழக்கமுள்ளது. 1990-இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்ட, பாலிஎத்திலீன் வட்டு கொண்ட சித்திரா இதய வால்வு அங்கே உருவானதுதான். எந்த ஆய்வகத்தை அணுகினாலும், உங்களுக்குத் தேவையான அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு அதன் அங்கீகாரம் பொருந்துகிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஆய்வகத்துக்கு அங்கீகாரம் இருப்பதும், அந்தச் சோதனைக்கு இருப்பதும் வெவ்வேறு.

எல்லாம் முடிய எவ்வளவு காலம் ஆகும்?

செல் சோதனை சில வாரங்களில் முடியும். வேதிப்பகுப்பாய்வு சில மாதங்கள். பிசிஎல் முழுதாகக் கரைய இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதால், சிதைவுச் சோதனையும் விலங்கில் நீண்டகாலப் பொருத்தலும் அந்த அளவுக்கு நீளும். அதை முதலில் தொடங்காமல் கடைசியில் தொடங்குவதுதான் திட்டங்கள் தேங்கும் பொதுவான காரணம்.

சோதனைகள் முடிந்தபின் விகிதத்தை 80-க்கு 20 என்பதிலிருந்து 75-க்கு 25 ஆக மாற்றலாமா? வழங்குநரை மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் மாறியது என்னவென்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. உருண்டைகளின் அளவு, இரு கண்ணாடிநிலை மாற்றங்கள், கிருமிநீக்கத்துக்குப் பிந்தைய மூலக்கூறு எடை, ஈரநிலை வலிமை, சாற்றின் வேதிப்பட்டியல் ஆகியவை பழைய பேட்ச்சுகளின் சிதறலுக்குள்ளேயே அமைந்தால், உயிரியல் சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை என்று வாதிட இடமுண்டு. பட்டியலில் ஒரு புதிய பொருள் தென்பட்டாலோ சிதைவு வளைகோடு விலகினாலோ அந்த வாதம் நிற்காது. பிசிஎல்லின் பங்கு ஏறும்போது ஒரு கட்டத்தில் உருண்டைகள் ஒன்றோடொன்று இணைந்து தொடர்ச்சியான வலையாகிவிடும். அந்த எல்லை உங்கள் கலவையில் எங்கே இருக்கிறது என்பதை முன்பே கண்டறிந்து வைத்திருந்தால், 5 விழுக்காடு மாற்றம் சிறியதா பெரியதா என்று நீங்களே சொல்லிவிட முடியும். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பேட்ச் இருந்தால்தான் இது நடக்கும் என்பதால், சோதனைக்குப் போன ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் சில பாகங்களைக் காற்றுப்புகாத உறையில், ஈரம் நீக்கியோடு, குளிர்பதனத்தில் எடுத்துவையுங்கள். உறையின் மேல் வார்த்த தேதியும் கிருமிநீக்கச் சுற்றின் எண்ணும் இருக்கட்டும்.